பொருள் எந்த வழியில் வந்தது? அறமும் செல்வமும் பற்றி ஓர் எளிய விளக்கம்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது விரிஞ்சிபுரம். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் கோயிலில் சக ஆண்டு 1347, அதாவது 1425-26ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. வீரப்பிரதாப தேவராயர் விஜயநகரத்தை ஆண்ட காலம் அது. அதன் மாகாணமான படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் (குஜராத் பக்கத்து இலாட நாட்டார்) என்ற பேதமில்லாமல் கூடி ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். இனிமேல் பெண்ணைக் கன்னியாதானமாகத்தான் கொடுக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலும் குற்றம், பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் குற்றம். மீறினால் அரச தண்டனை உண்டு. சமூகத்துக்கும் புறம்பாக வேண்டியதுதான்.

அன்றைக்குப் பொன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போயிருக்கிறது. இன்றைக்கு அது எதிர்த்திசையில் போகிறது. அதைத் தடுக்க 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் போட வேண்டியிருந்தது. திசை எதுவானாலும் பிரச்சினை ஒன்றுதான். பணம் எங்கே நுழையலாம், எங்கே நுழையக் கூடாது என்று ஒரு சமூகம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. செல்வம், அறம், சமூக ஒழுங்கு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் கடைசியில் பேசுவது இதைப் பற்றித்தான். தத்துவ வகுப்பில் கேட்டால் தலைசுற்றும் விஷயம் போலத் தெரியும். பழைய வட ஆர்க்காட்டு மண்ணில் நின்று பார்த்தால் அவ்வளவு கடினமில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். தமிழ் மரபு பணத்தை இழிவாகப் பார்த்தது, ஏழ்மையைப் போற்றியது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களில் அறத்துப்பாலுக்கு 38, இன்பத்துப்பாலுக்கு 25. பொருட்பாலுக்கு மட்டும் 70. ‘செய்க பொருளை’ என்று நேராகவே சொல்கிறார் வள்ளுவர். அருள் இல்லாதவர்க்கு அவ்வுலகம் இல்லை என்று சொல்ல வந்தவர், அதற்கு உவமையாக எடுத்துக்கொள்வது பொருள் இல்லாதவர்க்கு இவ்வுலகம் இல்லை என்பதைத்தான். அதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வறுமையைப் பார்த்தவர் எழுத்து அது. வேலூர் வெயிலில் செங்கல் சுமக்கிறவரிடம் போய்ப் பணம் மாயை என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.

ஆகவே பணம் வேண்டுமா வேண்டாமா என்பதில் வாதமே இல்லை. எப்படிப்பட்ட பணம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு ஒரே குறளில் விடை கிடைக்கிறது:

அறன்ஈனும் இன்பமும் ஈனும் திறனறிந்து
தீதின்றி வந்த பொருள்.

நல்ல வழியை ஆராய்ந்து, தீமை கலக்காமல் சேர்த்த பொருள் அறத்தையும் தரும், இன்பத்தையும் தரும் என்பது இதன் கருத்து. இரண்டு நிபந்தனைகள் இருப்பதைக் கவனியுங்கள். ஈட்டும் வழி தெரிந்திருக்க வேண்டும். நல்லவனாக இருந்துகொண்டு தொழில் தெரியாமல் நஷ்டப்படுவதை வள்ளுவர் பாராட்டவில்லை. தீமையும் கலந்திருக்கக் கூடாது. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவர்களை நாம் கொண்டாடுகிறோம், பாராட்டு விழா எடுக்கிறோம். இரண்டாவது நிறைவேறியதா என்று கேட்க மறந்துவிடுகிறோம். அந்த மறதிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பணக்காரர் ஒருவரின் நல்ல குணத்தை அளக்க நம்மிடம் இருக்கும் அளவுகோல் அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது. கோயிலுக்குக் கோபுரம் கட்டினார், பள்ளிக்குக் கட்டடம் தந்தார், ஆண்டுதோறும் அன்னதானம் போடுகிறார் என்கிறோம். கொடுப்பது பெரிய அறம், ஐயமில்லை. ஆனால் குறள் முதலில் கேட்பது ‘வந்த பொருள்’ பற்றி. வரும்போதே கெட்டுப்போன பொருளைப் பிற்பாடு கொடுத்து நல்லதாக்கிவிட முடியுமா? முடியாது என்கிறது மற்றொரு குறள். வஞ்சகத்தால் பொருள் சேர்த்துக் காப்பது, சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றி வைப்பதைப் போன்றது. நீரும் போகும், கலமும் கரையும்.

வணிகருக்கென்று தனியாக ஒரு குறள் வைத்திருக்கிறார் வள்ளுவர். பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வணிகருக்கு வணிகம். இது வாங்கும்போதும் பொருந்தும், விற்கும்போதும் பொருந்தும். வேலூர் மண்டித் தெருவுக்கு மூட்டையோடு வரும் விவசாயிக்கு எடைபோடும் கையும், அதே மூட்டையைச் சில்லறைக் கடைக்காரருக்கு விற்கும்போது எடைபோடும் கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதற்கு மேல் வணிக அறத்தைச் சுருக்கிச் சொன்னவர் எவரையும் நான் படித்ததில்லை.

அதிகாரம் உள்ளவன் கேட்கும்போது

கடைக்காரரை விடுங்கள், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். அரசனே பொருள் கேட்டால் எங்கே போவது? வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் ‘கொடு’ என்பதும் கோலோடு நிற்கும் அரசன் முறையில்லாமல் கேட்பதும் ஒன்று என்கிறது குறள். வெறும் நூல்வாக்கியமாக இது நின்றுவிடவில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

ஆர்க்காட்டுக்கு அருகே விளாப்பாக்கம் பக்கத்தில் பஞ்சபாண்டவ மலை என்று ஒரு குன்று. பழைய பெயர் திருப்பான்மலை. சமணத் தலம். அங்கே ராஜராஜ சோழனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழருக்கு அடங்கிய வீரசோழன் என்ற இலாடராயன் தன் தேவியோடு மலைக்கு வருகிறான். இறைவனை வணங்கி எழுந்ததும் தேவி இலாட மாதேவி ஒரு விண்ணப்பம் வைக்கிறாள். கூறகன்பாடி என்ற ஊர் பள்ளிச்சந்தம், அதாவது சமணப் பள்ளிக்கு வரியில்லாமல் (இறையிலியாக) விடப்பட்ட தானம். முன்பிருந்த இலாடராயர்கள் அந்த ஊரிலிருந்து கற்பூர விலை என்று ஒரு வருவாயை எடுத்துக்கொண்டதால் அந்த அறம் கெட்டுப்போகிறது. அதையும் இன்னொரு வரியையும் நீங்கள் விட்டுவிட வேண்டும் என்கிறாள். அவனும் விட்டுக்கொடுக்கிறான். கல்லில் வெட்டுகிறார்கள்.

இந்தக் கல்வெட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. அவள் கணவனிடம் ‘இன்னும் நிறையக் கொடுங்கள்’ என்று கேட்கவில்லை. ‘எடுப்பதை நிறுத்துங்கள்’ என்று கேட்டாள். குத்துவிளக்கும் ஆடும் பொன்னும் தானம் கொடுத்த அரசிகளின் பெயர்கள் தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களிலெல்லாம் இருக்கின்றன. தன் வீட்டுக்கே வரும் வருவாய் முறையற்றது என்று கண்டு சொன்னவள் அரிது. தானத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் நான் அவர்களை அந்தக் குன்றுக்குத்தான் அழைத்துப் போவேன்.

இதற்கு நேர்மாறான கதையும் ஆர்க்காட்டுக்கே சொந்தம். நவாப் முகமது அலி வாலாஜா போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கடன் வாங்கினார். கொடுத்தவர்களில் பலர் மதராஸிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள். வட்டி மிக அதிகம். வட்டிக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது தன் நகைகளை அல்ல, கிராமங்களின் நிலவரியை. உழவன் நெல்லை அறுத்தால் அதில் ஒரு பங்கு முன்பின் தெரியாத கடன்காரன் கணக்குக்குப் போகும். நவாபைக் கண்காணிக்க வேண்டிய கம்பெனி ஆட்களே அவருக்குக் கடன் கொடுத்தவர்களாகவும் இருந்தால் யார் யாரைக் கேட்பது?

இது லண்டன் வரை போயிற்று. 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரையாற்றினார். அதில் அவர் நம் ஏரிகளைப் பற்றிப் பேசியது பலருக்குத் தெரியாது. கம்பெனியின் ஜாகீர் பகுதி (நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதி) வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எண்ணினால் அதில் மட்டும் 1,100க்கு மேற்பட்ட நீர்நிலைகள் இருப்பதாகச் சொன்னார். இவையே உண்மையான அரசர்களின் நினைவுச் சின்னங்கள், தங்களுக்குப் பின் வரும் தலைமுறையைத் தங்கள் பிள்ளைகளாகக் கருதியவர்கள் விட்டுச்சென்றவை என்ற பொருளில் பேசினார். 1801இல் கம்பெனி நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகத்தை (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது. பின்னர் 1805இல் அமைந்த விசாரணைக் குழு, கடன்காரர்கள் கேட்ட தொகையில் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளியது. அதற்குள் வரி கட்டியவர்கள் கட்டிவிட்டார்கள்.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரை மேல் நின்று பார்த்தவர்களுக்குப் பர்க் சொன்னது விளங்கும். தமிழ்நாட்டின் மிகப்பெரிய ஏரிகளில் ஒன்று அது. ஏரி என்பது தண்ணீராகச் சேமித்து வைத்த செல்வம். வெட்டியவன் ஒருவன், பயன்பெறுகிறவர்கள் பல தலைமுறை. அத்தகைய செல்வத்தைப் பராமரிக்கக்கூடக் காசு மிஞ்சாத அளவுக்கு ஒரு நாட்டின் வரியை வட்டிக்குக் கரைப்பதை நிர்வாகத் தவறு என்று மட்டும் சொல்லி நான் கடக்க மாட்டேன். அது அறப்பிழை.

பாலாறும் தோலும்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் நினைவுக்கு வரும். நிர்வாகக் கணக்கில் 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டானது, 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. எல்லைக்கோடுகள் மாறினாலும் பாலாறு எல்லாவற்றையும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறது, அதன் கேட்டையும் சேர்த்து.

தோல் தொழில் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஷூ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்களால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆனால் ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகும். பட்டை ஊறவைத்துப் பதனிட்ட பழைய முறை போய் குரோமியம் வந்தபின் வெளியேறும் கழிவின் நச்சுத்தன்மை கூடியது. ஆற்றில் விட்டார்கள், ஓடையில் விட்டார்கள், வயல்வெளியில் விட்டார்கள். நிலத்தடி நீர் உப்பாகிக் கரித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று வேளாண் ஆய்வை மேற்கோள் காட்டி உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றும் சொன்னது. இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றே அறிவித்தது. கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. வட ஆர்க்காடு அம்பேத்கர் (வேலூர் மாவட்டத்தின் பழைய பெயர்) உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இந்தியாவெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் வேலூரின் பெயரை இந்தத் தீர்ப்பில்தான் முதலில் சந்திக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு செய்த காரியத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஆலைக்காரர் கணக்குப் புத்தகத்தில் தோல் விலை, கூலி, ரசாயனம், மின்சாரம் எல்லாம் செலவாக எழுதப்பட்டிருந்தன. கெட்டுப்போன கிணறு மட்டும் அதில் இல்லை. அந்தச் செலவு விவசாயி வீட்டுக் கணக்கில் விழுந்தது. வயல் காய்ந்தது, குடிநீருக்குக் காசு கொடுக்க வேண்டி வந்தது, உடம்பும் கெட்டது. ஆக, லாபம் என்று பெயர் பெற்றதில் ஒரு பங்கு உண்மையில் அடுத்தவன் நட்டம். ‘தீதின்றி வந்த’ என்ற சொற்றொடர் கேட்பது இந்தக் கணக்கைத்தான். ஆலை முதலாளி நல்ல மனிதராக இருக்கலாம், வாரி வழங்குகிறவராகவும் இருக்கலாம். கிணற்றுக் கணக்கு தீராதவரை அந்தப் பொருளில் தீது இருக்கிறது.

கொடை எங்கே பொருந்துகிறது

இவ்வளவும் சொன்னதால் கொடையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். உலகை ஆளும் அரசனும் இரவு பகல் தூங்காமல் வேட்டையாடித் திரியும் எளியவனும் உண்பது நாழி, உடுப்பது இரண்டு என்று சொல்லிவிட்டு, ‘செல்வத்துப் பயனே ஈதல்’ என்று முடிக்கிறார் புறநானூற்றில் நக்கீரனார். நானே அனுபவிப்பேன் என்றால் தவறிப்போவது பல என்கிறார்.

வேலூரில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் தம் இறந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார்; அந்தப் பணத்தில் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதிலிருந்து வளர்ந்த சிஎம்சி (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) வாசலில் இன்று எந்தெந்த மாநிலத்து மொழிகளெல்லாமோ கேட்கின்றன. பணம் தனியாக இதைச் செய்திருக்காது. அதைக் கையில் வாங்கி, ஒரு வாழ்நாள் முழுக்க அதற்குக் கணக்கு வைத்து உழைத்தவர் ஒருவர் இருந்தார்.

ஆனால் ஒரு சமூகம் தன் பசியையும் நோயையும் கொடையாளியின் மனதை நம்பி மட்டும் விட்டுவிட முடியாது. அங்கேதான் அரசு வருகிறது. பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், ஈட்டுதல், காத்தல், காத்ததைப் பகிர்ந்தளித்தல். இந்த நான்கிலும் வல்லது அரசு என்கிறார் வள்ளுவர். நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் நடந்தால் கருவூலம் நிறையும், ஊர் பட்டினி கிடக்கும். 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குப் போனது குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று. அவர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியது. ஊராரின் நன்கொடையும் அரசின் பணமும் ஒன்றாகச் சேர்ந்தன. பசித்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தத் தட்டு கேட்கவில்லை.

யாருடைய ஒழுங்கு?

‘சமூக ஒழுங்கு’ என்று கேட்டதும் மனம் சற்றுத் தயங்க வேண்டும். எல்லா ஒழுங்கும் அறமல்ல. விரிஞ்சிபுரம் உடன்படிக்கையைச் செய்தவர்கள் ஒரு சாதியின் ஆண்கள். பெண்ணைக் ‘கொடுப்பது’ பற்றிய முடிவில் பெண்ணின் குரல் இல்லை. தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்திய கைகளைத் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கி வைத்ததும் இதே சமூகத்தின் ஒழுங்குதான். அந்தத் தோலில் பிறந்த செல்வத்தை மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. நிலம் யார் பெயரில் இருக்கலாம், யார் கூலிக்கு மட்டும் வரலாம் என்று பிறப்பை வைத்துப் பிரித்த ஒழுங்குக்கு எவ்வளவு பழைய நூலைத் துணைக்கு அழைத்தாலும் அது அறமாகிவிடாது. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்ற அடியை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் மற்ற ஒழுங்குகளை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இது முடிந்துபோன பழங்கதையும் அல்ல. நம் பகுதியில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணம் வாங்கிய இருளர் பழங்குடிக் குடும்பங்கள் கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணம். அதைக் கழிக்கக் கணவன், மனைவி, சில நேரம் பிள்ளைகளும் உழைக்க வேண்டும். கூலியைப் பற்றிப் பேச்சில்லை, வேறு இடம் போகவும் முடியாது. கடன் கொடுத்தவர் தம் பக்கம் நியாயம் இருப்பதாகவே நம்புவார்: ‘வாங்கினான், கட்டவில்லை, வேலை செய்கிறான்.’ வாங்கிய கடனைத் திருப்புவது நேர்மைதானே என்று நமக்கும் தோன்றக்கூடும்.

1976இல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. ஒரு மனிதனின் உழைப்பையும் நடமாட்டத்தையும் கட்டிப்போடும் கடன், கடனே அல்ல என்று அது வைத்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு அந்தச் சட்டத்தால் அற்றுப்போகிறது. அதை வசூலிக்க எந்த வழக்கும் தொடுக்க முடியாது. கொத்தடிமையாக உழைக்க வைத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. செயல்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. சூளையோ ஆலையோ, அப்படி ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தால் ஆட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்பதில்லை. விசாரணையில் உறுதியானால் குடும்பத்துக்கு விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டும். மறுவாழ்வு உதவி கேட்கும்போது அந்தத் தாள்தான் கையில் இருக்க வேண்டும். அதை வாங்காமல் ஊர் திரும்பவிடக் கூடாது.